கழுதை, குரங்கு, முகூர்த்தப் புடவை

சண்டையே நடக்காத ஒரு வீட்டில் நெடுநேரம் உட்கார்ந்து சமாதானம் பேசியவன் நான். இனிய சொல்லின் மேன்மையைப் பற்றி அப்போதுதான் நூலகத்தில் எதையோ படித்திருந்தேன். யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் அஜீரணமாகிவிடும் போலிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஒரிசாப் பக்கம் ஒரு பொருட்காட்சியில் பட்டு நெய்து காட்டப் போன என் அக்காள் கணவர், மலேரியா மூளைக்கு ஏறி, நினைவில்லாமல் கிடந்து பிழைத்துத் திரும்பினார். காய்ச்சல் போனது, போகும்போது சிலவற்றையும் கொண்டுபோனது. சாப்பிட்டு ஏப்பம் விட்டபடியே, "இன்னும் சோறு போடலியா?" என்பார். பேச்சின் நடுவில் நின்று, தவறவிட்ட சொல்லைத் தேடுவார்.

நெசவு மட்டும் கையில் மிச்சமிருந்தது. ஆனால் கோர்வைப் புடவைக்குக் கை மட்டும் போதாதே! கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாக்கள் மூன்று; வலக்கரை நாடா, உடல் நாடா, இடக்கரை நாடா என்று வரிசை பிசகாமல் ஓட வேண்டும். கடைசியாக ஓடியது எது என்பது அவருக்கு மறந்துவிடும். தறியில் இருந்ததோ முகூர்த்தப் புடவை. பழுது விழுந்தால் அடுத்த புடவைக்குப் பாவு நூல் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் போனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடக்கரை நாடாவைப் போட்டுக்கொண்டிருந்த அக்காளின் குரல் தெருமுனை வரை கேட்டது.

"கழுதை! குரங்கு! கோட்டான்!"

உயிர் பிழைத்து வந்த மனிதரை இப்படியா என்று பிரசங்கத்தைத் தொடங்கினேன். மாமா தறியை நிறுத்தி மரியாதையாகக் கேட்டார். நான் ஓய்ந்ததும், "முடிஞ்சிச்சா மச்சான்?" என்றவர், அக்காளிடம் திரும்பினார். "ஏம்மே, நான் கழுதையில நின்னனா, குரங்குலயா?"

"குரங்கு முடிஞ்சிச்சு. கோட்டான் என்னுது" என்றாள். பிறகு என்னிடம், "வலது, உடலு, இடதுன்னு நாடா பேரச் சொல்லிப் பார்த்தேன்பா, மண்டையில நிக்கல. திட்டுனா நிக்குது."

அவள் யோசனை பெரிதா, பேர்பெற்ற நெசவாளி ஒருவர் தெருவே கேட்க நாள் முழுதும் கழுதையாக இருக்கச் சம்மதித்தது பெரிதா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நெய்து முடிந்ததும் முதலாளி புடவையை வெளிச்சத்தில் விரித்து, கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அடுத்த பாவைக் கொடுத்தார்.

"புதுசா ஒரு வைத்தியமே கண்டுபிடிச்சிட்டியே அக்கா!" என்றேன் நெகிழ்ந்து.

"இன்னாபா புதுசு? கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இதத்தான் சொல்லிக்கினு இருக்கறேன். காய்ச்சல் வந்தப்புறம்தான் காதுல வாங்குறாரு."