மூக்குத்தி நட்சத்திரத்து ஏழுமலை

ஏழுமலை நெஞ்சு வலியில் போய்விட்டான் என்று நம் கல் கிரஷரிலிருந்து போன் வந்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி வீட்டில் என்ன கதை சொல்வது என்ற கவலைதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவன் சொன்ன கதைகளைத்தான் நான்கு வருடமாக என் சொந்தச் சரக்கு என்று என் மனைவி அஞ்சலையிடம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவனோடு கல் உடைத்த உங்களுக்கு மூக்குத்தி நட்சத்திரம் தெரியும். சின்னது, சிவப்பு. அதைச் சுற்றி, உடைந்துபோன கோள்களின் ஜல்லி வளையம். அந்த ஜல்லிக்குள் ஓர் அரிய தாது. ஒரு சிட்டிகை இருந்தால் செஞ்சியில் ஒரு வருடத்துக்குக் கரண்ட் போகாது. அதை வெட்டி எடுக்கும் ஆட்களின் கதையை டீ நேரத்தில் தினம் ஒரு துண்டு சொல்வான். அவன் வரும்வரை உங்களைச் சிரிக்க வைத்தவன் நான். வந்த ஒரே மாதத்தில் எல்லோரும் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. டீ சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மடக்கினேன். "ஏம்பா, அங்க காத்தே இல்லன்றியே. வேட்டு வெக்கறப்போ ஒதுங்குன்னு கத்துனா எவனுக்குக் கேக்கும்?"

"கேக்காது மாமா. அதனால பக்கத்து ஆளு கைய புடிச்சினு இருப்பாங்க. ஒருத்தன் இழுத்தா எல்லாரும் ஒதுங்கிடுவாங்க."

மறுநாள் நம் குவாரியில் வேட்டு வைக்கும்போது, காது மந்தமான குப்பம்மாவின் கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கேள்வி என்னுடையது, பேர் அவனுக்கு.

அவன் ஊரான அவலூர்பேட்டையில் பாடை கிளம்பும்போது வேட்டுப் போட்டார்கள். நீங்கள் எல்லோரும் சட்டென்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஓரமாக ஒதுங்கினீர்கள். என்னோடு வந்திருந்த அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

"இன்னா இது, நீ சொன்ன கத மாதிரியே இருக்குது?"

"அது ஏழுமல சொன்னதும்மா" என்றாள் குப்பம்மா. காது மந்தம், இது மட்டும் கேட்டுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அஞ்சலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு, "எல்லாமே அவரு சொன்னதா?" என்றாள்.

"எல்லாமே."

"அதான் நல்லா இருந்துச்சு."

செத்தவன்மேலும் பொறாமை வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவன் பாதியில் விட்டுப்போன கடைசிக் கதை. வளையத்தில் ஒருத்தி பிடி நழுவி, தனியாக மிதந்து போகிறாள். மீதியை பஸ்ஸிலேயே நானே கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். "அவரு அப்பிடிச் சொல்லமாட்டாரு" என்று அஞ்சலை வரிக்கு வரி திருத்தினாள். மிதந்துபோனவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குள், நாங்கள் இறங்கவேண்டிய செஞ்சி பஸ் ஸ்டாண்ட் போய்விட்டது. திண்டிவனத்தில் இறங்கி, வேறு பஸ் ஏறித் திரும்பினோம்.