குச்சவெளி வீதியில் ஒரு பிறேக் மிதி

காலை ஏழு மணிக்குச் சீனன்குடாவில் சீமெந்து ஏற்றிக்கொண்டு குச்சவெளிக்குப் புறப்பட்டோம். லொறியை ஓட்டியவன் என் மகன் றிஸ்வான். பக்கத்து இருக்கையில் நான், கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கும் அவனுடைய உம்மா. போன மாதம் இதே லொறி பிறேக் பிடிக்காமல் நிலாவெளியில் ஒரு மதிலை இடித்துத்தான் நின்றது. யாருக்கும் காயமில்லை. எனக்குத்தான் இன்னும் நடுக்கம் போகவில்லை. பாடசாலை விடுமுறை, நானும் ஏறிவிட்டேன். இன்னொரு லோட் பிந்தினால் சாவி வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நகரத்தைக் கடந்து வடக்கே திரும்பினால் வீதி தட்டையானது, நல்ல தார். சாம்பல்தீவுப் பாலம், சல்லிச் சந்தி, வெயிலில் காயும் மீனின் மணம். எதிரே ஏதாவது வந்தால் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தும்.

"உம்மா, அங்க பிறேக் இல்ல. இஞ்சதான் இருக்கு," என்று சிரித்தான்.

நிலாவெளி தாண்டி மாடுகள் குறுக்கே வந்தன. லொறி நின்றது. ஆனால் கொஞ்சம் பிந்தி நின்றது. அவன் சிரிப்பு போய்விட்டது. ஓரம் கட்டினான். பின்னால் வந்த லொறியும் நின்றது. அதன் ஓட்டுநர் நஸார் ஸ்பேனரோடு இறங்கி வந்தார்.

"என்னடா, உம்மாவ ஏத்திக்கிட்டு லைசன் சோதினைக்கா போறா? தள்ளு, ரெண்டு சுத்து இறுக்கி விடுறன்."

இந்த வீதியில் அதுதான் வழக்கம். பிறேக் தளர்ந்தால் கராஜுக்குப் போவதில்லை, அடியில் படுத்து ஓட்டுநரே இறுக்கிக்கொள்வார். பழைய லொறிகளுக்கு அது சரி. இந்த லொறியில் பிறேக் தேயத் தேயத் தன்னாலேயே இறுகும் ஒரு நெம்புகோல் உண்டு.

"வேணாம் நஸார் நானா," என்றான் றிஸ்வான். "போன முறையும் இறுக்கினனான். நாலு நாள் பிடிச்சுது, பிறகுதான் மதில். தன்னால இறுகுற சாமான் தளருதெண்டா உள்ளுக்கு என்னவோ உடைஞ்சிருக்கு."

"குச்சவெளி இந்தா இருக்கு. இறக்கிட்டு வந்து பாரன்."

முதலாளியின் முகம் என் கண்முன் வந்தது. "இறுக்கிட்டு மெதுவாப் போவமே மகன்," என்றேன். பயந்து ஏறி வந்த நானே அதைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "கைப்பையில வெண்கட்டி இருக்கா உம்மா?" என்று கேட்டான். இருந்தது, கரும்பலகையில் எழுதி மிஞ்சிய துண்டு.

லொறி உருளாதபடி சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தினான். காற்றின் தள்ளலில் வெளியே வந்து பிறேக்கை அழுத்தும் தண்டுகளில் வெண்கட்டியால் கோடு போடுவான். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி மிதிக்க வேண்டும்; கோடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அவன் பார்ப்பான், கூட நகர்ந்தால் அந்தச் சில்லில்தான் பிழை.

"நீ அடியில கிடக்க நான் மிதிக்கிறதா? ஏலாது!"

"மிதிச்சா லொறி நிக்கும் உம்மா, ஓடாது."

மிதித்தேன். புஸ் என்று காற்றுச் சத்தம். அடியிலிருந்து அவன் குரல்: "விடாதீங்க... ஓம், இப்ப விடுங்க." மற்றத் தண்டுகள் இரண்டு விரல் அளவு வந்தன. பின்பக்க இடது சில்லின் தண்டு மட்டும் நான்கு விரல். போன முறை அவன் இறுக்கிய அதே சில்லு.

அவன் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தான். ஏச்சு எனக்கும் கேட்டது. "இல்ல முதலாளி, இதோட ஒரு அடியும் எடுக்க மாட்டன்," என்றான். ஏசிய குரல் இறங்கியது. பிறகு, "எந்தச் சில்லு?" என்று கேட்டார். மெக்கானிக்கை அனுப்பினார். சாவியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

நஸார் ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். தன் லொறியைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், அதுலயும் ஒருக்கா ஏறி மிதிச்சு விடுங்களன். இந்த மாசம் நானும் ரெண்டு தரம் இறுக்கிட்டன்."

மெக்கானிக் வந்த பிறகு நான் பஸ் ஏறினேன். கிண்ணியாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் கால் தரையை அழுத்தவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மிதித்தால் எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று அந்தக் காலுக்கு இப்போது தெரியும்.