கம்ப்யூட்டருக்காக முழங்கால் போட்ட சனிக்கிழமை

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை, என் மகள் பிரிசில்லா தன் கையாலேயே பூட்டி முடித்த புதுக் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினாள். உள்ளே ஃபேன் லேசாக அசைந்தது. அடுத்த நொடியே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான். பத்துத் தடவையாவது அழுத்தியிருப்பாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

ஆண்டவருக்குள் என்னோடு இருக்கும் சகோதர சகோதரிகளே, ஒரு கம்ப்யூட்டர் ஓடாததற்கு இவ்வளவு துக்கமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அதனால் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லில்லி. சிக்கந்தராபாத் பக்கம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்கிறேன். எங்களுக்குப் பிரிசி ஒரே பிள்ளை. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் படிப்பு படித்தாள். வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், டார்னாக்கா பக்கம் மழையில் ஸ்கூட்டி சறுக்கி லாரிக்கு முன்னால் விழுந்தாள். உயிர் தப்பியது. ஆனால் முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் பட்டதைச் சொல்லி முடியாது. அவள் பேச்சு குறைந்துபோனது. குடும்ப ஜெபத்துக்கு வர மாட்டாள். தலையில் கை வைத்து ஜெபிக்கப் போனால், "நக்கோ மம்மி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

என் தப்பையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். பயத்தில் எல்லாவற்றையும் நானே செய்தேன். தலை வாரிவிட்டேன், சாதம் பிசைந்து கொடுத்தேன், தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூட நானே திறந்து நீட்டினேன். இரண்டு கையும் நன்றாக இருக்கிற பெண்ணுக்கு. அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, அவளோடு படித்த ஒரு பெண் மூலமாக ஒரு வாய்ப்பு வந்தது. வீட்டிலிருந்தே வரைபட வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் பார்க்கப் பார்க்க மூன்று மணி நேரம் வரைந்து காட்ட வேண்டும். எங்கள் பழைய லேப்டாப்பில் அந்த வரைபட சாஃப்ட்வேரைத் திறந்தாலே அப்படியே உறைந்துபோகும். பிரிசி ஒரு லிஸ்ட் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். "ரெடிமேட் வேணாம் டாடி. பார்ட்ஸ் வாங்கிட்டு வாங்க. நானே பூட்டறேன்" என்றாள். விபத்துக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட முதல் காரியம் அது.

அவர் சிக்கந்தராபாத்தில் தேடித்தேடி ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். பிரிசி சக்கர நாற்காலியைச் சாப்பாட்டு மேஜைக்கு இழுத்துக்கொண்டு, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு நாள் பூட்டினாள். "நான் புடிச்சிக்கவா?" என்று கேட்டேன். "நக்கோ. நீ தொடாத." அந்த இரண்டு நாளும் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். முடித்துப் பட்டனை அழுத்தியபோது நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை, அவளைக் கேட்காமலே ஒரு ரிப்பேர்காரரை வரச் சொன்னேன். அவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினார். நாற்காலியைப் பார்த்தார். அவளிடம் பேசாமல் என்னிடம் கேட்டார்: "ஈ அம்மாயி சேசிந்தா? அந்துக்கே." இந்தப் பெண்ணா செய்தாள், அதனால்தான் என்று அர்த்தம். எல்லா பாகமும் உட்காரும் பெரிய போர்டு போய்விட்டது, மாற்றிக்கொண்டு வர பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிரிசிக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அவர யார் கூப்ட சொன்னாங்க?" என்றாள். "நான் எத தொட்டாலும் இப்டிதான் ஆவுது மம்மி. வதிலேய். விட்டுடு. டெஸ்ட் வேணாம்னு மெயில் போட்டுடறேன்."

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

சனிக்கிழமை எங்கள் சபைப் பெண்களின் உபவாச ஜெபம், அதை நடத்தும் ஆலிஸ் அக்கா வீட்டில் நடந்தது. விண்ணப்பம் சொல்லும் முறை வந்தது. ஒருத்திக்கு மகனின் டயாலிசிஸ், இன்னொருத்திக்குக் கணவரின் குடி. என் முறை வந்தபோது சொல்லவே கூச்சமாக இருந்தது. "புதுக் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகல" என்றேன். இரண்டு பேர் தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

ஆலிஸ் அக்கா சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டரா இருந்தா இன்னா? புள்ள மனசு ஒடஞ்சி கெடக்குது இல்ல. வாங்க, முட்டி போடுங்க" என்றார்.

பத்துப் பெண்களும் முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, இந்த மிஷின் தெரிஞ்ச யாரையாவது இன்னைக்கே எங்க வீட்டுக்கு அனுப்பும்" என்று வாய்விட்டுக் கேட்டேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, தரிசனம் ஒன்றும் தெரியவில்லை. இல்லாததைச் சொல்ல எனக்கு மனசில்லை. நெஞ்சில் இருந்த பாரம் மட்டும் குறைந்தது.

வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். படியில் கால் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு முறை பக்கத்து வீட்டுக்கு கூரியர். ஒரு முறை தண்ணீர் கேன். மூன்று மணி வரை யாரும் வரவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, "கேட்டேனே ஆண்டவரே, ஒருத்தரையும் அனுப்பலையே" என்று முணுமுணுத்தேன்.

அப்போது உள்ளேயிருந்து பிரிசி கூப்பிட்டாள். "மம்மி, கொஞ்சம் வா. கை வேணும்."

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கை கேட்டது அதுதான் முதல் தடவை. ஈரக் கையைத் துடைக்காமலே ஓடினேன்.

மெயிலை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தாளாம். போர்டு போய்விட்டது என்று ஒருத்தர் சொன்னதை நம்பி எப்படி விடுவது என்று இருந்ததாம். "எல்லாத்தையும் கழட்டி வெளிய வெச்சி பாக்கறேன். நான் போர்ட தூக்கும்போது நீ கம்ப்யூட்டர் பொட்டிய கெட்டியா புடி" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். வேறெதையும் தொடவில்லை. அது எனக்குச் சுலபமாக இல்லை. போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தாள். அவசியமானதை மட்டும் மாட்டினாள். பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக, ஸ்க்ரூ டிரைவர் முனையால் போர்டில் இருந்த இரண்டு சின்ன ஊசிகளை ஒன்றாகத் தொட்டாள். ஃபேன் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் எழுத்து வந்தது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தள்ளி நின்னு அழு மம்மி, கரண்டு ஓடுது" என்றாள்.

மறுபடி பெட்டிக்குள் வைத்துத் திருகாணிகளை முடுக்கிப் பட்டனை அழுத்தினாள். லேசாக அசைந்தது. நின்றுவிட்டது.

வெளியே ஓடுகிறது, உள்ளே வைத்தால் ஓடவில்லை. இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். என்னை அறியாமல், "ஆண்டவரே, வழிய காட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் நக்கோ என்று சொல்லவில்லை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, "அப்ப தப்பு பொட்டியிலதான் இருக்குது. திரும்ப கழட்டலாம்" என்றாள்.

போர்டை எடுத்த பிறகு காலிப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். உள்ளே தகட்டில் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்கள் இருந்தன. போர்டு அவற்றின் மேல்தான் உட்காரும். போர்டில் உள்ள ஓட்டை வழியாகத் திருகாணி அந்தக் குமிழில் இறங்கும். சட்டை தைத்துக் கொடுப்பதற்கு முன் பொத்தானையும் காஜாவையும் எண்ணிப் பார்ப்பது எனக்கு இருபது வருஷப் பழக்கம். கண் தானாக எண்ணியது.

"பிரிசி, இங்க பொத்தான் ஒம்போது இருக்குது. உன் போர்டுல காஜா எத்தினி?"

அவள் போர்டைத் திருப்பி எண்ணினாள். எட்டு. விரல் வைத்து மறுபடி எண்ணினாள். எட்டுதான். "இன்னொரு தடவ எண்ணு மம்மி" என்றாள். எண்ணினேன். ஒன்பது.

ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் கூடுதலாக நின்று போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் கரண்டு தப்பு வழியில் போகும், உடனே கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும் என்று எனக்கு விளக்கினாள். பிறகு, "பொட்டியோட பாக்கெட்ல வந்த குமிழ எல்லாம் நான்தான் மாட்டினேன்" என்றாள்.

பார்த்தாயா, நான் தொட்டால் இப்படித்தான் என்று மறுபடி ஆரம்பிப்பாளோ என்று பயந்தேன். அவள் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த ஜென்மத்தில் இனிமேல் கேட்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அவள் அப்பாவின் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தேன். அதை அவள் கையில் கொடுத்தேன். அவளே அந்தக் குமிழைத் திருகி எடுத்தாள். எல்லாவற்றையும் மறுபடி பூட்டினாள். பட்டனை அழுத்தினாள். ஓடியது. ஐந்து நிமிஷம் ஓடியது, பத்து நிமிஷம் ஓடியது, நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கணவர் வேலை முடிந்து வந்தபோது திரையில் ஒரு வீட்டின் வரைபடம் இருந்தது. "யார் வந்து பண்ணாங்க?" என்று கேட்டார். "யாரும் வரல டாடி. நானும் மம்மியும்தான்" என்றாள் பிரிசி. அழுக்கு யூனிஃபார்மோடு அங்கேயே முழங்கால் போட்டார். நானும் போட்டேன். அவர் ஜெபித்து முடித்ததும் நாற்காலியிலிருந்து மெதுவாக ஆமென் என்று கேட்டது.

திங்கட்கிழமை தையல் மிஷின் சத்தம் அவளுக்குத் தொந்தரவாகக் கூடாது என்று மிஷினை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணி நேரமும் கம்ப்யூட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை. புதன்கிழமை வேலைக்கு எடுத்துக்கொண்டதாக ஃபோன் வந்தது. இன்றைக்கும் அந்த வேலையில் இருக்கிறாள். தன் தலையைத் தானே வாரிக்கொள்கிறாள். அவள் கேட்காமல் நான் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. சில நாள் மறந்து கையை நீட்டிவிடுகிறேன். அவள் பார்க்கிற பார்வையில் இழுத்துக்கொள்கிறேன்.

அவள் கால்களுக்காக நாங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதை மறைத்து நான் சாட்சி சொல்லக் கூடாது. தினமும் கேட்கிறோம், இனியும் கேட்போம். ஆனால் அன்றைக்கு நான் யாரையாவது அனுப்பும் என்று கேட்டபோது, ஆண்டவர் என் மகளை என்னிடம் திருப்பி அனுப்பினார். அதற்காக உயிருள்ளவரை அவருக்கு நன்றி சொல்வேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைக்கிற பாரம் ஏதாவது இருக்கலாம். அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் எங்களோடு வந்து உட்காருங்கள். ஆலிஸ் அக்காவுக்கு முட்டி வலி, பத்துப் பேருக்கு வீட்டை ஒழுங்கு பண்ண முடியவில்லை என்பதால் சனிக்கிழமை ஜெபம் இப்போது எங்கள் வீட்டில் நடக்கிறது. கதவைப் பிரிசிதான் திறப்பாள்.