எல்.கே.ஜி.க்கு வந்த மீசைக்காரன்

என் தம்பி வெயிலுமுத்துவைப் பற்றிச் சொல்வதென்றால் மீசையில்தான் தொடங்கவேண்டும். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இவன் விஷயத்தில் மீசை முன்னே வரும், ஆள் பின்னே வருவான். எப்போதும்வென்றான் கிராமத்தில் எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது குடும்பச் சொத்து. அப்பா சோலைமுத்து ஆயுள் முழுக்க முறுக்கி வளர்த்ததை இவன் பிளஸ் டூவிலேயே தாண்டிவிட்டான். போதாததற்கு ஆறடி உயரம் வேறு. போலீஸ் வேலைக்குத்தான் போவான் என்று ஊரே முடிவு கட்டியிருக்க, இவன் மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மழலையர் கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டான்.

வீட்டில் நடந்த கூத்தைக் கேட்கவேண்டுமா?

"ஏலே, சின்னப் பிள்ளையளுக்கு மூக்குச் சிந்திவிடுததுக்கா மூணு வருசம் படிக்கப் போறே?" என்று அப்பா குதித்தார்.

"அதுக்கும் ஒரு முறை இருக்குப்பா," என்றான் இவன்.

எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை. பருத்தி எடுக்க வரும் பெண்கள் கைக்குழந்தைகளை இவனை நம்பித்தான் விட்டுப் போவார்கள். மற்றப் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவன் வேப்பமரத்தடியில் நாலு பொடிசுகளோடு குந்தி எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது மீசை முளைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லூரியில் வகுப்பு முழுக்கப் பெண்கள், இவன் ஒருத்தன்தான் ஆண். தோரணம் கட்ட ஏணி தேடமாட்டார்களாம், வெயிலுவைத்தான் கூப்பிடுவார்களாம். சிரித்துக்கொண்டே சொல்வான். நன்றாகவும் படித்தான். கடைசிப் பருவத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு நர்சரிப் பள்ளியில் சில மாதம் பாடம் நடத்தி, பயிற்சியை ஒழுங்காக முடித்தான் என்று அந்தத் தலைமையாசிரியை எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். கோவில்பட்டியில் நான் தையல் கடை வைத்திருப்பதால் என் வீட்டில் தங்கிப் பள்ளி தேடினான். போன இடமெல்லாம், "எல்.கே.ஜி.க்கு ஆம்பள வாத்தியாரா?" என்று கேட்டு வாசலோடு அனுப்பினார்கள். கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் சின்னதாகப் பள்ளி நடத்தும் கிருஷ்ணவேணி டீச்சர் மனமிரங்கினார்.

"சேத்துக்கிடுதேன் தம்பி. ஆனா ஒரே ஒரு தாய் வந்து ஒங்களப் பத்திக் குறை சொன்னாலும் அன்னைக்கே அனுப்பிருவேன். பெறகு கோவிச்சுக்கிடக் கூடாது."

முதல் நாள் இவன் வகுப்புக்குள் கால் வைத்ததும் ஒரே அலறல். நாலு பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். தன்யஸ்ரீ என்ற சிறுமி ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நான் சாப்ட்டேன்! நான் சாப்ட்டேன்!" என்று வீறிட்டாள்.

அதைக் கேட்டதும்தான் இவனுக்கு விஷயம் விளங்கியது. இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவதற்கு இருக்கும் ஒரே மந்திரம், "வாயத் தொற, மீசைக்காரன் வாரான்!" தாய்மாரைத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். நிலாவைக் காட்டி ஊட்ட எந்தத் தாய்க்கு நேரம் இருக்கிறது? இத்தனை நாளும் வாரான், வாரான் என்று சொல்லப்பட்டவன் இப்போது வருகைப் பதிவேட்டோடு நேரிலேயே வந்துவிட்டான்.

இவன் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டத் துப்பில்லை, அதற்கு என் தம்பி மீசைதான் கிடைத்ததா?

"பேசாம அத எடுத்துருல. நானே ரேசர் வாங்கியாரேன்."

"எடுத்துட்டா நான் வேற ஆளாயிருவேன்க்கா. அதுகளோட பயம் அங்கனயேதான் கெடக்கும். நாளைக்கு கேஸ் சிலிண்டர் போட வாற அண்ணாச்சியப் பாத்து அழும்," என்றான்.

படித்தவன் பேச்சு. ரேசர் வாங்கும் யோசனையை விட்டேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனவன் எங்கள் காட்டிலிருந்து ஒரு சாக்குக் கரிசல் மண்ணோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். பள்ளி முற்றத்தின் ஒரு மூலையில், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணைப் பிசைந்தான். மாடு செய்தான், வண்டி செய்தான். யாரையும் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிள்ளை தானாக வருகிறவரை நாம் போகக்கூடாது என்று படித்திருக்கிறானாம். பின்னால் காலடிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தன. ஒரு நாள் தன்யஸ்ரீ ஒரு கவளம் மண்ணை எடுத்து, உருட்டி, நீட்டி, மூக்குக்குக் கீழே அப்பிக்கொண்டு இவன் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் மீசைக்காரன்!"

இவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுங்கினான். "ஐயோ, நான் சாப்ட்டேன்! நான் சாப்ட்டேன்!"

வகுப்பே வெடித்துச் சிரித்ததாம். மத்தியானத்துக்குள் அங்கே மீசையில்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஈரக் கரிசல் எதில் ஒட்டினாலும் லேசில் விடாது. அன்று சாயங்காலமே என் கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி, "யூனிபார்ம் பூரா மண்ணு, யாரு தொவைக்க?" என்று முனங்கினாள். டீச்சர் சொன்ன அந்த 'ஒரே ஒரு தாய்' எனக்கு நினைவுக்கு வந்தது. சில நாள் கழித்துக் காலையில் இவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தன்யா அம்மா கோவமா வந்திருக்காவ. நான் பையை எடுத்து வச்சுட்டேன்."

மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தன்யஸ்ரீயின் அம்மா இசக்கிச்செல்வியைத் தெருக்குழாயடியில் எல்லாருக்கும் தெரியும். அவள் குடத்தை வைத்த இடத்தில் இன்னொருத்தி குடம் வைக்க முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் மேஜைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். தம்பி சுவரோரமாக, தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றான்.

"மண்ணு விசயமாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"மண்ணு கெடக்கு டீச்சர், தொவைச்சா போவுது. எம்பிள்ள சாப்பிட மாட்டேங்கா! முன்ன மீசைக்காரன் வாரான்னா போதும், வாயத் தொறப்பா. இப்ப வாசல்ல போய் நின்னுக்கிட்டு, 'வரச் சொல்லு, அவியளுக்கும் ரெண்டு இட்லி வை'ங்கா! எட்டு மணிக்கு வேன் வந்துருது, இன்னைக்கு அதையும் விட்டுட்டேன். இனி நான் எதச் சொல்லி ஊட்ட?"

நான் சிரித்துவிட்டேன். அவள் என்னை முறைத்த முறைப்பில் அடங்கினேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"தட்ட அவ கையில குடுத்துருங்கக்கா. பொறுமையா விட்டா அவளே சாப்பிடுவா."

"பொறுமையா? வேன்காரன் பொறுப்பானா? நீங்க வந்து வண்டிய நிப்பாட்டுவியளா?"

இவன் மூன்று வருடம் படித்த புத்தகங்களில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரவே இல்லை போலிருக்கிறது. பாவமாகத்தான் இருந்தது எனக்கு. சுவரோரத்திலிருந்து முன்னால் வந்து சொன்னான்.

"டப்பாவுல போட்டு இங்கன கொண்டாந்து விட்டுட்டுப் போங்க. நான் எட்டு மணிக்கு முன்னமே வந்துருதேன்."

"நீங்க ஊட்டிவிடுவியளா?"

"ஊட்ட மாட்டேன். பக்கத்துல உக்காந்து நானும் சாப்பிடுவேன்."

இசக்கிச்செல்வி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "நாளைக்குப் பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி டீச்சர் முகத்தைப் பார்த்தான்.

"என்ன பாக்குதிய? பிள்ள பயப்பட மாட்டேங்குன்னு குறை சொன்னா அனுப்பிருவேன்னு நான் சொல்லலியே. பையை உள்ள வச்சுட்டு வகுப்புக்குப் போங்க தம்பி," என்றார் கிருஷ்ணவேணி டீச்சர்.

அதன்பிறகு விடியுமுன் அடுப்பு மூட்டி இவனுக்கு இட்லி அவிப்பது என் தலையில் விழுந்தது. ஒரு பிள்ளை இரண்டாகி, இரண்டு பத்தாகி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய்மாரெல்லாம் டப்பாவோடு கொண்டுவந்து விட்டார்கள். பாதி சிந்திக் காக்கைக்குப் போனாலும், ஒவ்வொன்றும் தன் கையாலேயே அள்ளித் தின்னப் பழகிவிட்டது. பயிற்சி முடிந்தது. டீச்சர் நல்லவிதமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் இவன் டப்பாவை மறந்துவிட்டுப் போக, நான் கொண்டுபோனேன். முற்றத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகேசன் என்ற பொடியன் இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க, தன்யஸ்ரீ அவனிடம் விரலை ஆட்டினாள்.

"சீக்கிரம் தின்னுல. தின்னலன்னா மீசை மாமா போயிருவாவ!"

அவன் கண்ணை உருட்டிக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கினான். தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது.

"இதுவும் பயங்காட்டுததுதானக்கா," என்றான்.

டப்பாவைத் திறந்து வைத்தேன். அன்றைக்கு அந்த வட்டத்தில் எல்லாரையும்விட மெதுவாகச் சாப்பிட்டவன் அவன்தான்.