அறுபத்து மூன்றாவது கோப்புறை

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் கைப்பேசியில் அந்த அழைப்பு இன்னும் பதிவாகி இருக்கிறது. பிற்பகல் 3:21. நாற்பத்தெட்டு வினாடிகள். சந்தேகம் இருந்தால் நேரில் வாருங்கள், காட்டுகிறேன்.

அன்று பெரிய வெள்ளி. மணிலா முழுக்கக் கடையடைத்துக் கிடந்தது. ஓர்த்திகாஸில் எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் பதினான்காவது மாடியில் நான் மட்டும் இருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்ததில் காணாமல் போனவர்கள் அறுபத்திரண்டு பேர். நிறுவனத்தின் இணைய மேகச் சேமிப்பில் ஆளுக்கொரு கோப்புறை. அவை அத்தனையையும் நிரல் எழுதி மொத்தமாக அழிக்க வேண்டும். உடல் கிடைக்கவில்லை என்று சொல்லி எல்லாக் குடும்பங்களையும் எங்கள் மேலாளர் ஒஸ்முந்தோ விலேகாஸ் வெறுங்கையோடு அனுப்பியிருந்தார். அவர்கள் வழக்குப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் கோப்புகளைக் கேட்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

எனக்கு ஐந்து மாத ஒப்பந்தம். ஆறு மாதம் ஆனால் நிரந்தரமாக்க வேண்டும் என்பதால் ஐந்தாவது மாதமே கழற்றிவிடுவார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் எனக்கும் முடிகிறது.

“இத முடிச்சுக் குடு ஜெர்வின், உன்ன நிரந்தரமாக்குறேன்” என்றார் விலேகாஸ்.

அந்த ஆளை எனக்குக் கண்டாலே ஆகாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

கீழே காவலுக்கு நின்ற தெக்லா அக்கா என் பையைக் குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னாள்: “மூணு மணிக்குள்ள எறங்கி வந்துடு தம்பி. அதுக்கு மேல சாமி செத்துக் கெடக்குற நேரம். எது வந்தாலும் தடுக்க ஆளில்ல.”

“இங்க சம்பளமே ஒழுங்கா வராது. வேற எது வரப்போகுதுக்கா?”

அவள் சிரிக்கவில்லை.

2:40. முதலில் ஒத்திகை. நிரல் எதையும் அழிக்காமல் பெயர்களை மட்டும் பட்டியலிட்டது. அறுபத்திரண்டு. பட்டியலில் இல்லாத ஏதாவது தென்பட்டால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். அழித்தவை குப்பைத்தொட்டியில் தங்கினால் யாராவது மீட்டுவிடலாம். அதனால் அதையும் உடனுக்குடன் காலி செய்யும்படி எழுதியிருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் அது.

2:52. ஓடவிட்டேன்.

2:55. விலேகாஸ் அழைத்தார். பதங்காஸ் கடற்கரையில் குடும்பத்தோடு இருந்தார்.

“மூணு மணிக்கு மேல குளிச்சா ஆகாதுன்னு ஒரு பயலும் தண்ணில எறங்கலடா. கடல் மொத்தமும் எனக்குத்தான். நான் எறங்கப் போறேன். ஒண்ணு விடாம அழி.”

திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் வேகமாக. மூன்று மணிக்குப் பிறகு மெதுவாக... ஒவ்வொரு பெயரிலும் நின்று, நின்று.

குளிரூட்டியை விடுமுறைக்காக அணைத்திருந்தார்கள். ஆனாலும் எனக்குக் குளிரெடுத்தது. கருவாட்டுக் கூடையைத் திறந்தாற்போல உப்பு வாடை வேறு.

3:09. மிச்சம்: 0.

அப்பாடா என்று பையை எடுத்தேன்.

மிச்சம்: 1.

‘பட்டியலில் இல்லாத கோப்புறை. அழிக்கவா?’

பெயரைப் பார்த்தேன். விலேகாஸ், ஒஸ்முந்தோ.

திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படிவம். இறந்தவருக்கான காப்பீட்டுத் தொகை கேட்கும் படிவம்.

இறந்த நேரம்: 3:05. காரணம்: நீரில் மூழ்கியது. உடல் கிடக்கும் இடம்... அதற்கு நேரே நீளமாக எண்கள். வரைபடத்தில் இடம் குறிக்கும் எண்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை இதைக் காட்டியே என்னைத் துரத்துவார் என்று நினைத்தேன்.

கூரையிலிருந்து ஏதோ சொட்டியது. சொட்... சொட்...

நிமிர்ந்து பார்த்தேன். ஈரமே இல்லை.

3:21. கைப்பேசி அடித்தது. விலேகாஸ்.

தண்ணீர்ச் சத்தம்.

“அத... அழிக்காத.”

“வெளையாடாதீங்க சார். ஒண்ணு விடாம அழிக்கச் சொன்னது நீங்க.”

“இங்க... நெறைய பேரு இருக்காங்க...”

“யாரு சார்?”

“என்ன... விட மாட்டேங்குறாங்க...”

சொட்.

என் பின்னால்.

நான் திரும்பவில்லை. ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

மிச்சம்: 0.

அழைப்பு அறுந்தது. படிக்கட்டு வழியே பதினான்கு மாடியும் ஓடி இறங்கினேன்.

திங்கட்கிழமை அலுவலகமே பேசிக்கொண்டது. விலேகாஸ் கடலில் இறங்கி மூழ்கிவிட்டார். ஒன்பது நாள் முக்குளிப்பவர்கள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கண்கள் வீங்கி, குரல் கட்டிப் போயிருந்தது.

“மூணு அஞ்சுக்கு முங்கினாரு தம்பி. அதுலேந்து நாலு மணி வரைக்கும் அவரு போன்லதான் கடலோரக் காவலுக்குப் பேசிட்டே இருந்தேன். காதுலேந்து எடுக்கவே இல்ல.”

மேசைமேல் கிடந்த என் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

“உன்கிட்ட கடைசியா எப்ப பேசினாரு?”

அந்தப் படிவத்தை மீட்க எல்லா வழியும் பார்த்துவிட்டேன். மீட்க முடியாதபடி அழித்தவன் நானே. அந்த எண்களில் முதல் இரண்டு இலக்கம்தான் நினைவிருக்கிறது: ஒன்று, மூன்று. அந்தக் கரையோரத்தில் எந்த இடத்தைக் குறித்தாலும் அப்படித்தான் தொடங்கும்.

“ரெண்டு அம்பத்தஞ்சுக்கு மேடம்” என்றேன்.