மாப்பிள்ளைக் கோட்டில் நின்று பார்த்த இறுதிப் போட்டி

மன்னார்க்காரனுக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தத் திமிரோடுதான் ஆகஸ்ட் விடுமுறையில் கல்முனைக்குடிக்குக் கிளம்பினேன். என்னோடு வேலை பார்க்கும் ஹில்மி அங்குள்ள கழகமொன்றின் செயலாளர். சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மருதமுனையோடு அவர்களுக்கு இறுதிப் போட்டி. "வந்து பாருங்க, அதுக்குப் பிறகு மன்னாரப் பத்திக் கதைப்பம்" என்றான். கழகங்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எதை முதலில் எழுதினாலும் மற்ற ஊர் கோபித்துக்கொள்ளும்.

மட்டக்களப்பிலிருந்து காலை ஏழரை பஸ். நாற்பது கிலோமீற்றர் சொச்சம், ஒன்றரை மணிநேரம். இடப்பக்கம் இருந்தால் கடற்காற்று கிடைக்கும், வெயிலும் சேர்த்துக் கிடைக்கும். கல்முனை பஸ் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு ஓட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்கு வராது, கொடுத்துவிட்டேன்.

மைதானத்தின் ஓரத்தில் கழகத்தின் அறை. சுவர் முழுக்கப் பழைய அணிகளின் படங்கள். ஹில்மி ஒவ்வொருவராகக் காட்டினான். "இவர் நிந்தவூருக்குப் போயிட்டார். இவர் சாய்ந்தமருதுக்கு. இந்த வரிசையில எல்லாரும் போயிட்டாங்க." எனக்கு முதலில் "போயிட்டார்" மட்டும்தான் காதில் விழுந்தது. முகத்தைத் தொங்கப்போட்டு அனுதாபம் சொன்னேன். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். போனது மாப்பிள்ளையாக.

இந்தக் கரையில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஆனால் எங்கே குடியிருந்தாலும் பிறந்த ஊருக்குத்தான் விளையாட வேண்டும் என்பது இரண்டு கழகங்களின் எழுதாத சட்டம். இதில் மாட்டிக்கொண்டவன் கல்முனைக்குடியின் கோல் கீப்பர் றிப்கான். மூன்று வருடங்களுக்கு முன் மருதமுனையில் கல்யாணம் முடித்தான். அன்றிலிருந்து மருதமுனையை ஒருமுறைகூட அவனால் வெல்ல முடியவில்லை.

"மாமி ஊட்டுச் சோறு கைய வழுக்க வைக்குது எண்டு ஊரே கதைக்கிது" என்றான் ஹில்மி. "இண்டைக்கும் தோத்தா கீப்பர மாத்திற எண்டு முடிவு."

றிப்கான் அதே அறையில்தான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவேயில்லை. எனக்கு அந்த ஆள்மேல் அந்த நிமிடமே பிரியம் வந்துவிட்டது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கியது. நன்றாகப் பார்க்கலாமென்று நடுக்கோட்டின் ஓரத்தில் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எந்த ஊட்டு மாப்பிள?"

அந்த இடத்துக்கு மாப்பிள்ளைக் கோடு என்று பெயராம். இரண்டு ஊருக்கும் சொந்தமாகிப்போன ஆண்கள் அங்கேதான் நிற்பார்களாம். கேட்டவர் நிஸாம், றிப்கானின் மாமனார். கல்முனைக்குடியில் பிறந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போனவர். மகன் ஆசிக் மருதமுனைக்கு விளையாடுகிறான், மருமகன் எதிரில் கோல் காக்கிறான்.

"நீங்க யாருக்குக் கை தட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் கை தட்டினாலும் ஊட்ட ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க தம்பி."

கல்முனைக்குடி ஒரு கோல் அடித்து முன்னால் நின்றது. முடிய இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கும்போது மருதமுனைக்குப் பெனால்டி. பந்தை வைத்தவன் ஆசிக். இருவரும் ஒரே வீட்டு வளவில் தினமும் பந்து உதைப்பவர்கள் என்று நிஸாம் முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவர் மூச்சு விட்டாரா என்று தெரியாது, நான் விடவில்லை.

ஆசிக் இடப்பக்கம் பார்த்து வலப்பக்கம் அடித்தான். றிப்கான் முதலிலேயே அந்தப் பக்கம் விழுந்திருந்தான். பந்து அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நிஸாமின் கைகள் ஒரே ஒரு தரம் சேர்ந்து தட்டின. உடனே காதைச் சொறிவதுபோல ஒரு கையை மேலே கொண்டுபோனார்.

அந்த ஒரு கோலில் கல்முனைக்குடி வென்றது. மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நிஸாமின் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. பெரிய சகனில் சோறும் கோழிக்கறியும் நடுவில் வந்தது. நால்வர் சுற்றியிருந்து உண்ணும் தட்டு, நிஸாம், றிப்கான், நான் என மூவர்தான் இருந்தோம். ஆசிக் பின் வளவில் இருந்தான். றிப்கான் சோற்றில் கை வைக்கவில்லை.

"தின்னுங்க மருமகன், அவன் பசிச்சா வருவான்" என்றார் மாமி.

"அவன் வரட்டும் மாமி."

கறி ஆறத் தொடங்கிய பிறகு ஆசிக் வந்து உட்கார்ந்தான். "எந்தப் பக்கம் அடிப்பன் எண்டு எப்பிடித் தெரியும் மச்சான்?"

"அதச் சொன்னா வாற வருசம் நான் என்ன செய்யிற?" என்று சொல்லிக் கோழிக்காலை அவன் பக்கம் தள்ளினான் றிப்கான். நிறைமாதமாக இருந்த அவன் மனைவி கதவோரம் நின்று சொன்னாள்: "ஒரு பொடியன் பொறக்கட்டும். இந்த ஊருக்கு விளையாடி வாப்பாக்கே கோல் போடுவான்."

போக நினைப்பவர்களுக்கு: ஆட்டம் மஃரிப் பாங்குக்கு முன் முடிந்துவிடும், நாலு மணிக்கே மைதானத்துக்குப் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். நடுக்கோட்டில் நிற்பதானால், எந்த வீட்டு மாப்பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். நான் பல மைதானங்கள் பார்த்தவன். தோற்றவனுக்காகச் சோற்றை ஆறவிட்ட ஊரை இங்கேதான் பார்த்தேன்.

நேற்று ஹில்மி அழைத்தான். றிப்கானுக்குப் பெண்பிள்ளையாம்.

"அப்ப கோல் போட ஆளில்லை" என்றேன்.

"அதில்ல கதை. மகளுக்கு மாப்பிள எடுக்கக்குள்ள கீப்பர் வேணாம் எண்டு இப்பயே சொல்றான். அந்தப் பாடு அவனோட போகட்டுமாம்."