முன்கையில் வைத்த துண்டு

"...அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே, நகக்கண்ணுல நீலம் ஒட்டியிருக்கே, மருந்து அடிச்சீகளா?" என்றாள் ஸ்டெல்லா, கழுத்து ஓட்டையை ஒரு விரலால் மூடிக்கொண்டு.

தேனியில் ஆஸ்பத்திரி நடைவழி. இருவருக்கும் ஒரே நோய். அவள் ராயப்பன்பட்டி ஆசிரியை, விபத்தில் அடிபட்டவள். நான் கம்பம் பக்கத்துத் திராட்சைக்காரன். நாகம் கடித்து வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவி) கிடந்தவன். அவளும் அதில் கிடந்தவள்தான். இருவருக்கும் உயிர் தங்கியது. உள்ளே செருகிய குழாய் உரசி மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. மூச்சுவிடக் கழுத்தில் போட்ட ஓட்டையை மூடினால்தான் நாலு சொல் வரும். நாள் முழுக்கப் பேசித் திரிந்தவனுக்கு நாலு சொல்!

சுருங்கிய இடத்தில் புதுப் பொருளால் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். முதலில் உயிரிணக்கம் (உடம்பு அந்தப் பொருளைத் தள்ளாமல் ஏற்பது) தெரிய வேண்டும். நகமளவுத் துண்டை முன்கைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் மண், மருந்து எதுவும் படக்கூடாது.

ஒரே நாளில்தான் தைத்தார்கள். அவள் கை பிறந்த குழந்தையின் கை மாதிரி இருந்தது. என் கை சிவந்து வீங்கியது. சட்டைக் கையை அவள் சுருட்டும்போதெல்லாம் வயிறு எரிந்தது. "நல்லாயிரு ஆத்தா" என்று சொல்லியிருக்கிறேன். நாலு சொல்லில் இரண்டு வீண் என்று உள்ளே கணக்கு ஓடியது.

இதே சோதனைக்குப் போகிறவர்களுக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கவாத்து வெட்டி முடிந்த கொடியில் மழை விழுந்து, நோய் தாக்கி இலை கருகியது. நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை நானே அடித்தேன். தையல் நனைந்தது. சொன்னால் சோதனையிலிருந்து கழித்துவிடுவார்கள் என்று மறைத்தேன். "உங்க உடம்பு ஏத்துக்கல, துண்ட எடுத்துருவோம்" என்று, ஸ்டெல்லா நீலத்தைக் கேட்பதற்குச் சற்று முன், டாக்டர் சொன்னபோதும் வாய் திறக்கவில்லை.

இப்போது வலது கையில் வேறொரு துண்டு இருக்கிறது. காலையில் காலண்டரைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். நாள் அங்கேதான் கழிகிறது. அந்தக் கையை இன்னும் முழுதாக என்னுடையது என்று நினைக்க வரவில்லை. விருந்தாளியை வைத்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.

இந்த இரண்டாம் துண்டு கிடைக்கக் காரணம் அந்த நடைவழிதான்.

"எங்கய்யா தோட்டத்துல அடிக்கிறாகல்ல, எனக்குத் தெரியாதா? டாக்டர்ட்ட சொன்னீகளா இல்லையா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"ஒனக்குத்தான் ஒட்டிருச்சுல்ல, போ" என்றேன். அதோடு மூச்சு முடிந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்ல, கழுத்தை மூடக் கையைத் தூக்கினேன். அந்தக் கையை எட்டிப் பிடித்து, விடாமல், டாக்டர் அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.